கலகலன்னு ஒரு சொல்

மகிழ்ச்சியைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. உவகை, களிப்பு, இன்பம், சந்தோஷம், உற்சாகம், குதூகலம், குஷி, ஜாலி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அத்தனையும் நல்ல சொற்கள்தான். ஆனாலும் அவ்வளவையும் யாராவது எடுத்துக்கொண்டு ‘கலகலப்பு’ ஒன்றை மட்டும் எனக்கு விட்டுவைத்தால், மறுபேச்சில்லாமல் சம்மதிப்பேன். அவ்வளவு பிரியம் எனக்கு இந்தச் சொல்லின் மேல். பேருந்தில் யாரோ போனில் “வீடே கலகலன்னு இருக்குடி, நீதான் வரல” என்று சொல்லக் கேட்டால், இறங்கவேண்டிய நிறுத்தம்கூட மறந்து அந்தப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

மற்ற சொற்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இதன் அருமை புரியும். மகிழ்ச்சி மனசுக்குள் இருப்பது. சங்க இலக்கியத்தில் ‘மகிழ்’ என்றால் கள்ளையும் குறிக்கும், கள் தரும் மயக்கத்தையும் குறிக்கும். களிப்பிலும் அதே கள்ளின் வாசம் உண்டு. உற்சாகத்துக்கு இன்றைக்கும் அந்தத் தொடர்பு விட்டுப்போகவில்லை. ‘உற்சாக பானம்’ என்று எழுதினால் எதைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். குதூகலம் வடமொழியில் ஆர்வத்தைக் குறித்த சொல். குஷி பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்து சேர்ந்தது. ஜாலி வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனது. இவை எல்லாம் ஒருவருக்குள் நடப்பதைப் பற்றிய சொற்கள். தனியாக ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷமாக இருக்கலாம். குஷியாக இருக்கலாம், ஜாலியாகவும் இருக்கலாம். கலகலப்பாக மட்டும் இருக்கவே முடியாது!

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். “நான் இப்போ சந்தோஷமா இருக்கேன்” என்று சொல்வோம். “நான் இப்போ கலகலப்பா இருக்கேன்” என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. வீடு கலகலப்பாக இருக்கும், தெரு கலகலப்பாக இருக்கும், கல்யாண மண்டபம், ரயில் பெட்டி, காலேஜ் கேன்டீன் எல்லாம் கலகலப்பாக இருக்கும். ஒரு மனிதரைச் சொல்வதென்றாலும் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்லவேண்டும்: “அவரா? ரொம்பக் கலகலப்பான ஆளுப்பா.” இது காதில் விழும் மகிழ்ச்சி. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனால்தான் அதற்கு உயிர்.

ஓசையிலிருந்து பிறந்த சொல் வேறு எப்படி இருக்கும்? வளையல் ஒன்றோடொன்று மோதினால் கலகல. காசு சிதறினால் கலகல. கொலுசு நடந்தால் கலகல. நாலு பேர் சேர்ந்து சிரித்தாலும் கலகல. தொல்காப்பியர் இந்த வகைச் சொற்களுக்கு இரட்டைக்கிளவி என்று பெயர் வைத்து, இவை இரட்டையாகவே ஒலிக்கும், பிரிந்து நிற்காது என்று கிளவியாக்கத்தில் விதி எழுதிவிட்டார். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்திருப்போம், மதிப்பெண் வாங்கியிருப்போம், மறந்திருப்போம். கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் எனக்குப் புல்லரிக்கிறது. ‘கல’ என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ஒன்றுமே இல்லை. இரண்டாவது ‘கல’ வந்து சேர்ந்த அந்தக் கணத்தில் வீடு முழுக்க ஆள் வந்துவிடுகிறது. ஒண்டியாக நிற்க முடியாத மகிழ்ச்சிக்கு ஒண்டியாக நிற்க முடியாத சொல்! இதைவிடப் பொருத்தம் எந்த மொழியில் கிடைக்கும்?

உச்சரித்துப் பார்த்தாலும் அவ்வளவு சுகம். ‘க’ அடித்தொண்டைப் பக்கம் பிறக்கிறது, ‘ல’ நாக்கு நுனியில் பிறக்கிறது. கலகல என்று சொல்லும்போது நாக்கு பின்னாலும் முன்னாலும் ஊஞ்சலாடிவிட்டு வருகிறது. ‘கலகம்’ என்று சொல்லும்போது நடுவிலிருக்கும் க மெலிந்து குழைந்துவிடும். கலகலவில் அப்படி ஆகாது. இரண்டாவது க-வும் முதல் க-வைப் போலவே திடமாக ஒலிக்கும். ஒட்டி நின்றாலும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகாமல், இரண்டும் தத்தம் குரலிலேயே பேசுகின்றன. இதே போலத்தான் படபட, கடகட எல்லாம்.

உயிரெழுத்தை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்ப்பது என் நிரந்தர விளையாட்டு. கலகல என்றால் வாய் திறந்து கூட்டமாகச் சிரிப்பது. அதையே கிலுகிலு என்றால் குழந்தை கையில் ஆடும் கிலுகிலுப்பை. ஓசை ஒடுங்கி, மெலிந்து, சின்னதாகிவிட்டது. லகரத்தையும் மாற்றிக் கிளுகிளு என்றால் சமாசாரமே வேறு, சினிமாப் பத்திரிகைக்குள் நுழைந்துவிடுவோம். குளுகுளு என்றால் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தாயிற்று. சலசல என்று ஓடிய ஓடை, சிலுசிலு என்றதும் காற்றாக மாறுகிறது. கடகடவென்று வண்டி போகும், கிடுகிடுவென்று விலை ஏறும், குடுகுடுவென்று தாத்தா ஓடுவார். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்ததில்லை இது. எத்தனையோ தலைமுறை காதால் கேட்டு, வாயால் சரிபார்த்து, நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

அதோடு ஒரு ‘ப்பு’ சேர்த்தால் நடக்கும் அதிசயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படபட என்பது சிறகின் ஓசை; படபடப்பு என்பது பரீட்சை எழுதப்போகும் பெண்ணின் நெஞ்சு. பரபர, பரபரப்பு. விறுவிறு, விறுவிறுப்பு. சுறுசுறு, சுறுசுறுப்பு. துறுதுறு, துறுதுறுப்பு. கதகதப்பு என்று சொல்லும்போதே குளிர்காலத்தில் போர்வைக்குள் நுழைந்தாற்போல இருக்கிறது. காதில் கேட்டதும் தோலில் பட்டதும் உள்ளத்தின் பெயர்களாக மாறிவிடுகின்றன. பெரிய தத்துவச் சொற்கள் ஏதும் தேவைப்படவில்லை நம் பாட்டிகளுக்கு. காதில் விழுந்ததையே எடுத்து மனசுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அப்படி வைத்த பெயர்களிலேயே மகுடம் என்று நான் சொல்வது கலகலப்பைத்தான்.

இந்தக் காது மிகப் பழைய காது. சங்கப் பாடல்களில் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு, பறவைகளின் ஓசைக்கு ‘கல்லென்’ என்ற சொல் வருகிறது. ஆள் அரவமற்றுப் பொலிவிழந்துபோன இடத்துக்கு ‘புல்லென்’ வருகிறது. இரண்டையும் சொல்லிப் பாருங்கள், கல்லென், புல்லென். ஊருக்குள் உயிர் இருப்பதையும் இல்லாததையும் ஒரே ஓர் எழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். பத்துப்பாட்டிலேயே நீளமானது, 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார் அதில் மதுரையின் பகல் கடைத்தெருவையும் இரவுக் கடைத்தெருவையும், அதாவது நாளங்காடியையும் அல்லங்காடியையும், நடந்து நடந்து காட்டுகிறார். அல்லங்காடியின் இரைச்சலுக்கு அவர் சொல்லும் உவமை, விதவிதமான பறவைகள் ஒன்றுசேர்ந்து எழுப்பும் ஓசை. அந்த இரைச்சலுக்கு அவர் வைத்திருக்கும் சொல் ‘கம்பலை’. இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டால் மருதனார் கேட்டது உங்களுக்கும் கேட்கும். நான் நின்று கேட்டிருக்கிறேன். துணிக்கடைக்காரர்கள் கூப்பிடும் குரல், பேரம், குழந்தை அழுகை, ஆட்டோ ஹாரன், பெண்களின் சிரிப்பு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி ஒரே கலகலப்பு. விதவிதமான பறவைகள் ஒன்றாகக் குரலெழுப்புவதைப் போல என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே, என்ன மனுஷர்!

சொல்லின் பிறப்பிடமான பொருள்களைத் தேடிப் போவதிலும் எனக்குத் தீராத ஆசை. சேலத்துக்குப் போனால் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகாமல் திரும்ப மாட்டேன். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் அது. ஒரு கடையில் இளம் தம்பதி நடை பழகும் மகளுக்குக் கொலுசு வாங்க வந்திருந்தார்கள். கடைக்காரர், “சத்தம் வர்றதுங்களா, சத்தமில்லாததுங்களா?” என்று கேட்டார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது. குழந்தையின் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: “நல்லா முத்து வெச்சதா குடுங்க. புள்ள நடந்தா வீடு கலகலன்னு இருக்கோணும்ங்க.” கடைக்காரர் ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் காதருகே குலுக்கிக் காட்டினார். திருகாணி எப்படி, எடை எத்தனை கிராம் என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் காது ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழந்தை காலில் போட்டதும் ஓர் அடி எடுத்து வைத்தது, ஓசையைக் கேட்டுத் திகைத்தது, மறுபடி ஓர் அடி வைத்தது, பிறகு நிற்கவே இல்லை. கடைக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் பேரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். கொலுசும் கலகல, கடையும் கலகல. சொல்லின் இரண்டு பொருளும் ஒரே நிமிஷத்தில் என் கண்முன்னே நடந்தன.

வளைகாப்பு எனக்கு இன்னும் பிடித்தமானது. ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, அவரவர் வழக்கப்படி நாள் பார்த்து, பிள்ளைத்தாய்ச்சியின் இரண்டு கையிலும் முழங்கை நெருங்கக் கண்ணாடி வளையல் அடுக்குகிறார்கள். இந்தியாவின் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத்தில் சூளையேறி வருகிறது. அங்கிருந்து ரயிலேறி, மொத்தக்கடை, சில்லறைக்கடை கடந்து, நம்மூர்த் திண்ணையில் ஓர் அத்தையின் கையிலிருந்து ஒரு மருமகளின் கைக்கு வருகிறது. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்கட்டும் என்பார்கள் பெரியவர்கள். கருவின் செவி ஆறாம் மாதத்துக்குள் ஒலிக்கு அசைந்து பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது என்று மருத்துவமும் சொல்கிறது. ஆக நம்மில் பலபேர் இந்த உலகத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட முதல் செய்திகளில் ஒன்று, கலகல. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகிறது.

வாயாலும் தின்னலாம் இந்தச் சொல்லை. மைதா மாவில் சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, தேய்த்து, வில்லை வில்லையாக வெட்டி எண்ணெயில் பொரித்தெடுக்கும் பலகாரத்துக்குப் பல வீடுகளில் கலகலா என்றே பேர். கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் இருக்கும், ஊர்ப் பெருமையான கடலைமிட்டாயும் இருக்கும். ஆனால் பிள்ளைகள் நாடுவது கலகலாவைத்தான். தூக்குச்சட்டியைக் குலுக்கிப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தச் சொல்லின் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு ஆணிவேர். கலகலத்தல் என்றால் நேர்மாறான ஒரு பொருளும் இருக்கிறது. “வண்டி கலகலத்துப் போச்சு” என்றால் மூட்டெல்லாம் விட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். “பல்லெல்லாம் கலகலத்துப் போச்சு” என்றால் ஆட்டம் கண்டுவிட்டது. தேர்தல் சமயத்தில் செய்தித்தாளைப் பிரித்தால் ஏதாவது ஒரு கூட்டணி கலகலத்திருக்கும், ஏதாவது ஒரு கட்சியின் கூடாரம் கலகலக்கத் தொடங்கியிருக்கும். வீடு கலகலத்தது என்றால் ஆனந்தமா, அழிவா? முன்னும் பின்னும் என்ன சொன்னார்கள் என்று பார்த்துத்தான் முடிவுகட்ட முடியும். எப்படி ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது என்று வெகுநாள் யோசித்தேன்.

விடை கொலுசுக்குள்ளேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். மதுரை அரசவையில் வழக்கு எதைப் பற்றியது? சிலம்புக்குள் என்ன பரல் என்பதைப் பற்றியது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. உள்ளே உருண்டு ஓசை எழுப்பும் அந்தப் பரல்தான் உண்மையைச் சொன்னது. பரலைச் சிலம்புக்குள் இறுக்கி அடைத்துவிட்டால் சத்தம் வராது. உருளுவதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும், ஒன்றோடொன்று உரசவேண்டும், மோதவேண்டும். அதே சமயம் சுற்றிலும் சிலம்பு இருக்கவேண்டும். சிலம்பு உடைந்தால் அதே பரல்கள்தான், ஆனால் தெறித்துச் சிதறிவிடும். உள்ளே உருளும்போதும் கலகல, உடைந்து கொட்டும்போதும் கலகல! கட்டு இருக்கும்வரை அது சிரிப்பு. கட்டு விட்டுப்போனால் சிதறல்.

குடும்பமும் அப்படித்தானே? எல்லோரும் ஒரே மாதிரி யோசித்து, ஒரே மாதிரி பேசி, யாரும் யாரோடும் உரசாமல் விறைப்பாக இருக்கும் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். காபி நன்றாக இருக்கும், சோபா மெத்தென்று இருக்கும், எழுந்து வந்தால் போதும் என்று இருக்கும். கலகலப்பான வீட்டில் எப்போதும் ஏதோ ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கும். சித்தப்பா அரசியல் பேசுவார், அத்தை அவரை மடக்குவாள், சின்னப் பிள்ளைகள் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடும், பாட்டிக்குக் காது கேட்காததால் எல்லோரும் கத்துவார்கள். அந்த உரசல்தான் ஓசை. உரசல் வேண்டாமென்று நினைக்கிறவருக்குக் கலகலப்பும் கிடைக்காது.

நகைச்சுவை வேறு, கலகலப்பு வேறு என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத் தனியாகவும் உவகையைத் தனியாகவும் வைக்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவை நகைக்கு நிலைக்களம். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பவை உவகைக்கு. அந்த விளையாட்டு என்ற ஒன்றில்தான் நகையும் உவகையும் கைகோத்துக்கொள்கின்றன, கலகலப்பு அங்கேதான் குடியிருக்கிறது என்பது என் துணிபு. ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் கடைவீதிகளிலும் கல்லூரி வளாகத்திலும் மனிதர்கள் சிரிக்கும் தருணங்களை, ஏறக்குறைய 1,200 சிரிப்புகளை, மாணவர்களோடு சேர்ந்து குறித்துக்கொண்டார். அவற்றில் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. “சரி, அப்புறம் பார்ப்போம்” என்பது போன்ற சாதாரணப் பேச்சுக்குத்தான் பெரும்பாலும் சிரித்திருக்கிறார்கள். தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதர் சிரிப்பதற்கு முப்பது மடங்கு வாய்ப்பு அதிகம் என்பதும் அவர் ஆய்வில் தெரிந்தது. படித்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது எனக்கு. எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு இது தெரியும் ஐயா! அதனால்தான் இதற்கு இரட்டைச் சொல் வைத்தார்கள்.

ஆகையால் கலகலப்பான ஆள் என்பவர் ஜோக் சொல்கிறவர் அல்லர். எங்கள் பெரிய அத்தை ஒரு துணுக்கைக்கூட ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. ஆனால் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே வீடு மாறத் தொடங்கிவிடும். “ஏ தாயி, என்ன இப்படி மெலிஞ்சிட்ட?”, “எலே, பரீட்சை எப்படிலே எழுதியிருக்க?”, “மதினி, அந்தக் கொத்தவரங்காயை இங்கிட்டுத் தாங்க, நறுக்கிக்கிட்டே பேசுவோம்” என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி. யாரையும் விடமாட்டாள். மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருமகனையும் இழுத்துப் பேச்சுக்குள் போட்டுவிடுவாள். யாரோடு யாருக்கு மனஸ்தாபம் என்று தெரிந்து, அவர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து வெங்காயம் உரிக்கச் சொல்வாள். சிரிக்க வைப்பது அவள் வேலை இல்லை. மனிதரை மனிதர் மேல் உரச வைப்பது அவள் வேலை. பிறகு சிரிப்பு தானாக வரும்.

இந்தச் சொல்லுக்கு இருக்கும் மவுசு வியாபாரிகளுக்கும் தெரிந்திருக்கிறது. கோயில் திருவிழா நோட்டீஸில் எப்போதும் ஒரு கலகலப்பான பட்டிமன்றம் உண்டு. சுந்தர் சி 2012-இல் கும்பகோணத்து உணவகம் ஒன்றைச் சுற்றி ஒரு படம் எடுத்து அதற்குக் ‘கலகலப்பு’ என்றே பெயர் வைத்தார். 2018-இல் இரண்டாம் பாகமும் வந்தது. கதை என்னவென்று யாரும் கேட்கத் தேவையில்லாத தலைப்பு. குடும்பத்தோடு போகலாம், திரையரங்கே சேர்ந்து சிரிக்கும் என்ற உத்தரவாதத்தை ஒற்றைச் சொல்லில் கொடுத்துவிடுகிறது. பட்டிமன்றம் என்றதும் சாலமன் பாப்பையாவின் குரல் காதில் ஒலிக்காதவர் உண்டா? மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். பண்டிகை நாள் காலையில் டிவியில் அந்தக் குரல் ஓடினால் போதும், அடுப்படியில் வடை தட்டுபவரும் கூடத்தில் கோலம் போடுபவரும் அறை விட்டு அறை பேசிக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள்.

மகிழ்ச்சிக்கு எதிர்ச்சொல் துக்கம். கலகலப்புக்கு எதிர்ச்சொல் துக்கம் இல்லை! யோசித்துப் பாருங்கள். “பிள்ளைங்க ஊருக்குப் போயாச்சு, வீடு வெறிச்சுன்னு கெடக்கு” என்பார்கள். அந்த ‘வெறிச்’தான் எதிர்ச்சொல். இதன் ஆழம் எனக்கு எங்கள் தாத்தா காலமான பிறகுதான் விளங்கியது. பதினாறாம் நாள் காரியத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து ஒரு கூட்டம், மதுரையிலிருந்து ஒரு கூட்டம், தூத்துக்குடியிலிருந்து ஒரு கூட்டம். முற்றத்தில் பந்தி, பின்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம், மாடியில் சீட்டுக்கட்டு, பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓட்டம். தாத்தா கொடுத்த அடிகளையும் வாங்கிக் கொடுத்த மிட்டாயையும் ஒவ்வொருவராகச் சொல்ல, அழுதுகொண்டே சிரித்தார்கள். பாட்டி திண்ணையில் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: “அவுக இருந்தப்பகூட வீடு இப்படிக் கலகலன்னு இருந்ததில்ல தாயி. பாத்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாக.”

துக்க வீட்டில், துக்கத்துக்கு உரியவளே அந்தச் சொல்லைச் சொன்னாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஏனென்றால் அது பொருத்தமான சொல். மகிழ்ச்சி என்று அங்கே சொல்லியிருக்க முடியுமா? உற்சாகம் என்று? குஷி என்று? வாயில் வராது. கலகலப்பு மட்டும் துக்கத்தின் நடுவிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஏனென்றால் அது யார் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. ஆட்கள் இருக்கிறார்களா, பேசுகிறார்களா, ஒருவர்மேல் ஒருவர் பட்டு ஓசை வருகிறதா, அவ்வளவுதான். அன்றையிலிருந்து இந்தச் சொல்லை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதே இல்லை. வாழ்க்கை இருக்கிறது என்பதற்கு நம் வீடுகளில் வைத்திருக்கும் பெயர் இது.

இதைக் கடந்த காலத்தில் ஒரு மாதிரி சொல்கிறோம், வருங்காலத்தில் ஒரு மாதிரி. கடந்த காலத்தில் ஏக்கம்: “முன்னெல்லாம் தெரு எப்படிக் கலகலன்னு இருக்கும் தெரியுமா!” தெரு விளக்கின் கீழ் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பேசிய தலைமுறை இப்படிச் சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். ஆனால் நான் அதிகம் நேசிப்பது வருங்காலத்தில் வரும் கலகலப்பை. அது எப்போதும் அழைப்பாகத்தான் வருகிறது. “நீயும் வந்தா வீடு கலகலன்னு இருக்கும்ல” என்று போனில் சொல்கிறார்களே, அதைவிட அழகாக ஒருவரைக் கூப்பிட முடியுமா? நீ வந்தால் எனக்கு நன்றாக இருக்கும் என்று கெஞ்சவும் இல்லை, உனக்கு விருந்து வைக்கிறேன் என்று ஆசைகாட்டவும் இல்லை. இங்கே ஓர் ஓசை கிளம்பக் காத்திருக்கிறது, அதில் உன் பங்கு குறைகிறது என்று மட்டும் சொல்கிறது.

இந்தத் தீபாவளிக்கு நானே அப்படிப் போன் போடத் தொடங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் இரண்டே அறைதான், ஒரே ஒரு குளியலறை. பெரிய அத்தை குடும்பம் வருகிறது, சென்னைச் சித்தப்பா குடும்பம் வருகிறது, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு மாமாவுக்கும் போன் போட்டேன். “எடம் எங்கடா இருக்கு அத்தனை பேருக்கும்?” என்றார் மாமா. இடம் இல்லை என்பதுதான் விசேஷமே மாமா, வாங்க என்றேன். டிக்கெட் போட்டாயிற்றாம். மாடியில் படுக்கப் பாய் எடுத்து உதறி வைத்திருக்கிறேன், மைதா மாவும் சர்க்கரையும் வாங்கியாகிவிட்டது, கலகலாவை வெட்டிப் போட அத்தை வந்துதான் அடுப்பேற்றவேண்டும். மாமாவை அவள் யாருக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப் போகிறாள் என்று வீட்டில் இப்போதே பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.